முதல் பொங்கலுக்கு வாங்கிய நடைவண்டியும் சொப்புச் சாமானும்

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பாப்பாவுக்குப் பதினோரு மாதம். அங்கே அவளுக்காக இரண்டு சாமான் வாங்கினோம். ஒன்று மர நடைவண்டி, இன்னொன்று ஒரு ஓலைப்பெட்டி நிறையச் சொப்பு. இரண்டுமே அம்பாசமுத்திரத்தில், ஒரே பட்டறையில் வாங்கியவை. வாங்கி இரண்டு மாதம் தாண்டிவிட்டது. தினமும் காலையில் எழுந்ததும் அந்த வண்டியைத்தான் தேடுகிறாள், சொப்பைக் கடிக்காத நாள் இல்லை, அதனால் இப்போது தெரிந்து எழுத முடிகிறது. பிள்ளைக்கு முதல் பொங்கலுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடைவண்டியைத் தாராளமாக வாங்கலாம், ஆனால் உங்கள் வீட்டுத் தரை என்ன தரை என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். சொப்பும் வாங்கலாம், ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதில் பாதியை எடுத்துப் பரண் மேல் வைத்துவிடுங்கள்.

டிசம்பரில் சொந்தக்காரர் ஒருவர் பாசமாக ஒரு பிளாஸ்டிக் வாக்கர் அனுப்பியிருந்தார். நடுவில் பிள்ளையை உட்கார வைத்தால் கால் தரையில் பட்டும் படாமலும் சுற்றிச் சுற்றி உருளுமே, அந்த மாதிரி. தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன், வேண்டவே வேண்டாம் என்றார். அதில் உட்கார்ந்த பிள்ளை நாம் எழுந்திருப்பதற்குள் அறையின் அந்தக் கோடிக்குப் போய்விடும், படிக்கட்டில் உருளும், மேஜைமேல் இருக்கும் சுடு காபி கைக்கு எட்டும், அதோடு நடை பழகவும் அது உதவாது என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கனடாவில் 2004-லேயே அதை விற்கத் தடை போட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் பல வருடமாக அந்தத் தடையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அந்த டப்பாவ ஓரமா வை, பொங்கலுக்கு வரும்போது நடைவண்டி வாங்கிக்கிடலாம், நீயெல்லாம் அதுலதான நடந்த" என்றாள்.

இரண்டும் ஒன்றுதானே, உருளுகிற சாமான்தானே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றில்லை. நடைவண்டியில் பிள்ளை உட்காருவதில்லை, தன் காலில் தானே நிற்க வேண்டும், தன் எடையைத் தானே தாங்க வேண்டும். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், தள்ளினால் நகரும், கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள், அவ்வளவுதான். பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தெரியாத பிள்ளைக்கு அது எந்த வேலைக்கும் ஆகாது, ஆறு மாதத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டு நிற்க வைக்கப் பார்க்காதீர்கள்.

சென்னையிலேயே வாங்கியிருக்கலாம். ஒரு கடையில் போய்ப் பார்க்கவும் செய்தோம், பச்சையும் சிவப்புமாகப் பளபளவென்று பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். கைப்பிடி ஓரத்தில் நகத்தால் லேசாகக் கீறினேன், செதிலாக உரிந்து வந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, தாண்டக்கூடாது என்று 2017-லிருந்து சட்டம் நடப்பில் இருக்கிறது, சரி, ஆனால் அந்த வண்டிக்கு அடித்த பெயிண்ட் எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று கடைப் பையனிடம் கேட்டால் அவனுக்கு என்ன தெரியும்? பல் முளைக்கிற பிள்ளை முதலில் வாயை வைக்கப்போவது அந்தக் கைப்பிடியில்தான். வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

எங்கள் அம்மா வீடு கல்லிடைக்குறிச்சி. தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அம்பை என்கிற அம்பாசமுத்திரம். நெல்லை எக்ஸ்பிரஸில் பாப்பாவுக்கு அதுதான் முதல் ராத்திரி ரயில். விழுப்புரம் தாண்டும் வரை தூங்காமல் எதிர் சீட்டுத் தாத்தாவின் கண்ணாடியையே பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் என் மேல் சாய்ந்தவள் திருநெல்வேலி வரை எழவில்லை.

பட்டறைக்குப் பெயர்ப்பலகை எதுவும் கிடையாது, அதனால் பெயர் சொல்ல வழியில்லை. அம்பையில் சொப்பு கடைகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டால் காட்டுவார்கள். நாங்கள் போனபோது அண்ணாச்சி ஒரு குட்டிப் பானையைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்துகொண்டிருந்தார். மஞ்சள் கடம்பு மரம், கையில் தூக்கினால் அவ்வளவு லேசு. மரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்தினார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொள்கிறது, பிரஷ் இல்லை, பெயிண்ட் டப்பா இல்லை. பிறகு ஒரு தாழை மடலை மடித்துப் பிடித்து அழுத்தினார், மங்கலாக இருந்த சிவப்பு கண் எதிரே கண்ணாடி மாதிரி மினுங்கியது. பாப்பா இவர் தோளில் இருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அழவில்லை, கண் கொட்டவில்லை. கடைந்து முடித்து ஆறியதும் அந்தப் பானையை அவள் கையில் கொடுத்துவிட்டார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

நடைவண்டி கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல தரை என்ன தரைம்மா?" பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்பார் என்று நினைத்திருந்தேன். இங்கே மண் முற்றம், மெட்ராஸில் டைல்ஸ் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "இது மண்ணுக்குன்னே உள்ள வண்டி தாயி. டைல்ஸ்ல விட்டா நிக்காது. சக்கரத்துக்கு சைக்கிள் டியூப வெட்டிச் சுத்திக்கிடுங்க, முன்னால ஒரு கிலோ மணல் பைய கட்டுங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டேனே ஒழிய அதன் அர்த்தம் சென்னைக்கு வந்துதான் புரிந்தது.

வண்டி இப்படி இருக்கிறது: பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒன்று, நிமிர்ந்து நிற்கும் சட்டம் ஒன்றரை அடி உயரம், அதன் தலையில் குறுக்கே உருட்டாகக் கடைந்த கைப்பிடி. சட்டம் வேம்பு, சக்கரம் தேக்கு. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். விலை எழுநூறு ரூபாய், பேரம் பேசவில்லை. கைப்பிடியில் மட்டும் அரக்கு, மற்ற இடமெல்லாம் வெறும் மரம். சக்கரம் உருளும்போது உள்ளே ஒரு கட்டை தட்டி டக் டக் என்று சத்தம் வரும், பாப்பா நடக்க ஆசைப்பட்டதே அந்தச் சத்தத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊரில் வண்டி அருமையாக ஓடியது, அருமை என்றால் மெதுவாக. முற்றத்து மண்ணில் சக்கரம் லேசாகப் புதைந்து புதைந்து போனது. அவள் ஒரு அடி தள்ளினால் ஒரு அடிதான் நகரும், தடுமாறினால் வண்டி நின்று அவளைத் தாங்கும். முதல் நாள் நாலு எட்டு, மூன்றாவது நாள் கிணற்றடியிலிருந்து வாசல்படி வரை. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு எட்டுக்கும் "தத்தக்கா பித்தக்கா" என்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

சென்னையில் டைல்ஸில் வைத்ததும் கதை மாறிவிட்டது. கை வைத்தவுடன் வண்டி முன்னால் பறந்தது, பாப்பா குப்புற விழுந்து உதட்டில் ரத்தம். அன்று சாயங்காலம் அழுகை நின்ற பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள், இந்தத் தடவை வண்டி அவள் பக்கமாகவே சாய்ந்தது. மறுநாள் இவர் சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூப் வாங்கி வந்து, மூன்று சக்கரத்துக்கும் பட்டையாக வெட்டி மாட்டினார். நான் ஒரு பழைய ஜீன்ஸ் காலை வெட்டிப் பையாகத் தைத்து, ஒன்றே கால் கிலோ மணல் போட்டு, முன் சக்கரத்துக்கு மேலே கட்டினேன். அதோடு சரி, இன்றைக்கு வரை ஒரு தடவைகூடப் பறக்கவும் இல்லை, சாயவும் இல்லை. வழவழ தரை உள்ளவர்கள் இந்த இரண்டையும் செய்யாமல் பிள்ளையை விடவே விடாதீர்கள், ஊரில் நன்றாக ஓடியதே என்று நாங்கள் விட்டதுபோல் விடாதீர்கள்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். சட்டத்தின் அடிப்பக்கம் ஒரு இடத்தில் சிலாம்பு இருந்தது, உப்புத்தாள் வாங்கித் தேய்த்துவிட்டேன், பத்து நிமிட வேலை. அச்சில் உள்ள திருகாணி மூன்று வாரத்தில் லேசாகத் தளர்ந்தது, வாரம் ஒருமுறை முடுக்குகிறோம். இவை இரண்டும் குறைதான், ஆனால் இதற்காக வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. முத்திரை விஷயம் கேட்பவர்களுக்கு: 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், ஆனால் கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்யும் பொம்மைக்கு விலக்கு உண்டு. அதனால் இந்த மாதிரிப் பட்டறைச் சாமானில் முத்திரையைத் தேட முடியாது, நம் விரலும் நம் கண்ணும்தான் பரிசோதனை. ஓரம் முழுக்க விரலை ஓட்டிப் பாருங்கள், சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், ஈரமான வெள்ளைத் துணியால் நிறத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள்.

துணி சோதனையைச் சொப்புக்கும் செய்யுங்கள், எனக்கு அதில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஓலைப்பெட்டியில் மொத்தம் பதினெட்டு உருப்படி, அறுநூறு ரூபாய். அடுப்பு, பானை, குடம், அம்மி, குழவி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, இட்லிக் கொப்பரை, மூடி, கரண்டி என்று ஒரு அடுப்படியே உள்ளே இருக்கிறது. பதினேழில் துணி வெள்ளையாகவே இருந்தது. ஒரே ஒரு ரோஸ் நிறக் குடம் மட்டும் துணியில் ஒட்டியது. மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி முகம் வாடிவிட்டது. அது தான் கடைந்தது இல்லை, எண்ணிக்கை குறைந்ததால் வெளியில் வாங்கிச் சேர்த்தது, சாயம் முக்கியது என்று ஒளிக்காமல் சொன்னார். அங்கேயே உட்கார வைத்து மஞ்சளில் ஒரு குடம் கடைந்து கொடுத்தார். அந்த நேர்மைக்காகவே அடுத்த முறையும் அங்கேதான் போவேன்.

அரக்கில் ஒரு விஷயம் தெரியாமல் ஒரு தவறு செய்துவிட்டேன், நீங்கள் செய்யாதீர்கள். ரயிலில் திரும்பி வரும்போது பானை கீழே விழுந்தது, கையோடு இருந்த சானிடைசரைப் போட்டு நன்றாகத் துடைத்தேன். துடைத்த இடம் பிசுபிசுவென்று ஆகி, மினுமினுப்பு போய், காய்ந்ததும் வெளிறிவிட்டது. அரக்கு தண்ணீருக்கு அசையாது, ஆனால் ஆல்கஹாலில் கரைந்துவிடும். அண்ணாச்சி சும்மா கொடுத்த சிவப்புப் பானை அது. இன்னும் அந்தத் தழும்போடு இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

பாதியைப் பரண் மேல் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உலக்கையும் குழவியும் கரண்டியும் மூடியும். என் சுண்டுவிரல் அளவுதான் உலக்கை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மையில் சின்ன உருப்படி இருக்கிறதா என்று சோதிக்க 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், அதற்குள் அடங்கிவிடுகிற எதுவும் பிள்ளை தொண்டைக்குள் போகக்கூடியது என்று கணக்கு. நான் கையில் இருந்த ஒரு அட்டைக் குழலை வைத்துப் பார்த்தேன், ஒன்பது உருப்படி உள்ளே விழுந்தது. அந்த ஒன்பதும் இப்போது ஆச்சி வீட்டு மச்சில் பத்திரமாக இருக்கிறது. பானை, குடம், அடுப்பு, ஆட்டுக்கல், உரல் போன்ற பெரியவை மட்டும் அவளிடம். உரலைத்தான் விடாமல் கடிக்கிறாள், நாலு பல்லின் தடமும் விளிம்பில் விழுந்திருக்கிறது, நிறம் போகவில்லை.

பொங்கல் அன்று விடியற்காலையில் வாசலில் அடுப்புக்குப் பொங்கல் கட்டி மூன்றை வைத்து, பனை ஓலையைக் கொளுத்தி அம்மா பானையை ஏற்றினாள். வாக்கர் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது அன்றுதான் நெஞ்சில் உறைத்தது, திறந்த வாசல், தரையோடு தீ, பத்துப் பேர் குறுக்கும் நெடுக்கும். பாப்பா தீ அணையும் வரை இடுப்பை விட்டு இறங்கவில்லை, நடைவண்டியைக்கூடக் கொல்லைப்புறம் தள்ளிவிட்டோம். பால் பொங்கினதும் பெரியம்மாவும் மதினியும் சேர்ந்து குலவை போட்டார்கள். அவள் இதுவரை கேட்டிராத சத்தம். உதடு பிதுங்கியது, அழப்போகிறாள் என்று நினைத்தேன், எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அப்புறம் தானும் நாக்கை ஆட்டி "லல்லல்லா" என்றாள். தெரு முழுக்கச் சிரித்தது. சர்க்கரைப் பொங்கலில் முந்திரி, திராட்சை எதுவும் இல்லாத ஓரத்தில் ஒரு துளி எடுத்து மசித்து நாக்கில் வைத்தோம். சித்தி ஆசையாகத் தேன் தொட்டு வைக்கக் கொண்டுவந்தாள், ஒரு வயது முடியும் வரை தேன் கொடுக்கக்கூடாது, சித்தி, அதில் உள்ள கிருமி விதையை இந்த வயதுக் குடல் தாங்காது என்று சொல்லி அந்தத் தேனை நான் நக்கிக்கொண்டேன்.

சொப்புக்கு உண்மையான வேலை சிறுவீட்டுப் பொங்கலில்தான். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளின் பொங்கல் அது. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப்பூ சொருகி, பிறகு அந்த உருண்டைகளைத் தட்டி வறட்டியாகக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தை பிறந்து ஒரு நாள் பார்த்து, முற்றத்தில் மண்ணால் ஒரு சின்ன வீடு கட்டி, அதன் வாசலில் பிள்ளைகளே பொங்கல் விடுவார்கள். பொங்கலையும் காய்ந்த பூவறட்டியையும் இலையில் வைத்துச் சூடம் ஏற்றி ஆற்றில் விடுவது கடைசி. நான் கடைசியாகச் சிறுவீடு கட்டியது ஏழாம் வகுப்பில். தெருவிலும் இப்போது அனேகமாக யாரும் கட்டுவதில்லை. பாப்பாவுக்காக அம்மா மார்கழி முதல் தேதியிலிருந்தே என்னிடம் சொல்லாமல் பூ வைத்துச் சேர்த்திருந்தாள். எழுபது வயதில், குனிந்து, தினமும் விடியற்காலையில்.

நானும் இவரும் மண் குழைத்து ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் வைத்தோம். ஈரோட்டுக்காரர் இவர், சிறுவீடு பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் கதவுக்கு இடம் விட்டு, அடுப்படி தனியாக, ஜன்னல் ரெண்டு என்று என்னைவிட ஆசையாகக் கட்டினார். சொப்பு அடுப்பில் நிஜத் தீ வைக்க முடியாது, மரம். அதனால் பொங்கலைப் பித்தளைச் சட்டியில் செய்து ஒரு கரண்டி எடுத்து அந்தச் சிவப்புப் பானையில் நிரப்பி, சிறுவீட்டு அடுப்படியில் வைத்தோம். அடுத்த நிமிடம் பாப்பா தவழ்ந்து போய் ஒரு சுவரைக் கையால் அமுக்கி இடித்துவிட்டாள். பிள்ளைத்தமிழ்ப் பாட்டுகளில் சிற்றில் சிதைப்பது, அதாவது இந்த மாதிரிச் சிறுவீட்டை இடிப்பது, ஆண்பிள்ளைக்கு உள்ள பருவம், சிறுதேர் உருட்டுவதும் அப்படித்தான். எங்கள் வீட்டுப் பெண் ஒரே வாரத்தில் இரண்டையும் செய்துவிட்டாள்.

சாயங்காலம் ஆற்றுக்குப் போனோம். தையில் தாமிரபரணியில் தண்ணீர் நிறைய இருக்கும், கடைசிப் படியில் உட்கார்ந்து அவள் பாதத்தை மட்டும் நனைத்தேன். சில்லென்று பட்டதும் காலை மடக்கிக்கொண்டாள், பிறகு தானாக நீட்டினாள். இலை சூடத்தோடு ஆடி ஆடிப் போனதை அது வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு தகவல். பொங்கலுக்கு முந்தின வாரம் போனால் பட்டறையில் கூட்டம், நடைவண்டி சொல்லிவைத்தால்தான் கிடைக்கும், நாங்கள் மார்கழியிலேயே தம்பி மூலம் சொல்லியிருந்தோம். ரயிலில் எடுத்துவர வசதியாகச் சட்டத்தையும் சக்கரத்தையும் தனித்தனியாகக் கழற்றிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறார், மாட்ட ஒரு ஸ்பேனர் போதும்.

இப்போது பாப்பாவுக்குப் பதின்மூன்றரை மாதம். வண்டியில்லாமலே ஹாலிலிருந்து அடுப்படி வரை வந்துவிடுகிறாள், ஆனாலும் அந்த டக் டக் சத்தம் வேண்டும் என்பதால் வண்டியைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருகிறாள், அதில் ஆட்டுக்கல் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் சொப்பில் ஒரு உருப்படி சேர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த தைக்கு ஒரு முறம் கேட்டிருக்கிறேன், அட்டைக் குழலுக்குள் போகாத அளவில். கடைந்து வைக்கிறேன் தாயி, மார்கழியில் ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்துங்கள் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.